கலைச்சொல்: காட்டு ‘கனெக்டிவிட்டி’க்குத் ‘தொடர்ச்சி’ போதுமா?

> ‘காட்டுத் தொடர்ச்சி’ என்றே வைத்துக்கொள்வோம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். தொடர்ச்சி என்றால் மரம் விடாமல் நிற்பது. சூழலியலில் 1993-இல் வந்த வரையறையோ, ஓர் உயிர் இடம்விட்டு இடம் நகர நிலம் எவ்வளவு இடங்கொடுக்கிறது, எவ்வளவு மறிக்கிறது என்று கேட்கிறது. அதே செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டம் பன்றிக்கு வழி, காட்டுத் தவளைக்குச் சுவர்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து லயவீடுகளுக்குப் பின்னால் ஒரு குட்டை. மழை விட்ட இரவில் டார்ச் அடித்தால், முட்டைவெள்ளையை அடித்து அப்பியதுபோலக் கரைப்புல்லில் நுரைக்கூடு தொங்கும். மரத்தவளையுடையது, தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேரே தண்ணீரில் சொட்டும். இது எங்கும் பிழைக்கிற சாதி, தேரையைப்போல. இயற்கையியலாளர் வாலஸ் போர்னியோத் தீவின் சரவாக்கில் கண்டு 1869-இல் எழுதிய பறக்கும் தவளை அப்படியன்று. வாசம் உயர்ந்த மரத்தில். முட்டையிடத்தான் குட்டைக்கு இறங்கும். பிறந்த குட்டித் தவளையும் காட்டுக்கு ஏறியாக வேண்டும். எங்களுக்குக் கிழக்கே மலைக்காடு கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் செம்பனை. மருந்தடித்த நிரையில் மண் காய்ந்து கிடக்கும். தோலால் தண்ணீர் குடிக்கிற உயிர் அதில் எத்தனை அடி போகும்? வெட்டிய மட்டையை அடுக்கிய இடத்தில் கொஞ்சம் ஈரம் நிற்கும், அவ்வளவுதான். குட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் காடு எட்டாவிட்டால், அங்கே கத்துவது எங்கும் பிழைக்கிற சாதி மட்டுமே.

என் முன்மொழிவு: ‘போக்குவரவு’. ‘அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இல்லை’ என்று தோட்டத்தில் சொல்வோமே, பெரும்பாலும் அது அடுத்த கதவாகத்தான் இருக்கும்! பக்கத்தில் இருப்பது வேறு, போய்வர முடிவது வேறு.

> போக்குவரவு தவளையின் செயல். நமக்கு வேண்டியது நிலத்தின் பண்பு அல்லவா? ‘கடவை’ என்றால்?

காற்றோட்டத்தில் ஓடுவது காற்று. ஆனாலும் ‘காற்றோட்டமான அறை’ என்று அறையைத்தானே சொல்கிறோம்? கடவையை, பேராக்கின் வடக்கே கெரிக் பக்கம் விலங்குகள் அடியில் கடக்க நெடுஞ்சாலையில் கட்டிய பாலம் போன்றவற்றுக்கு விட்டுவிடலாம். ‘தொடர்ச்சி’யையும் தூக்கிப்போட வேண்டாம், வரைபடத்தில் தெரிகிற அமைப்புக்கு அது இருக்கட்டும்.

> அப்படியானால் ‘காடிடைப் போக்குவரவு’?

ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே என்றாகி, குட்டை வெளியே நின்றுவிடும். ‘காட்டுப் போக்குவரவு’ என்றே இருக்கட்டும்.