பதினேழு வருஷ அனுபவம், அரைநாள் டிரெய்னிங்கில் சொதப்பல். டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தனித் தொழிலா?

பொங்கோல்வாசி:

வணக்கம். இங்கே ஓர் இன்டர்நேஷனல் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சென்னையில் ஏழு வருஷம் சிபிஎஸ்இ, சிங்கப்பூரில் பத்து வருஷம் ஐபி, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலோரியட் பாடத்திட்டம். பிள்ளைகளும் சரி, பெற்றோரும் சரி, இதுவரை என்னைப் பற்றிப் பெரிதாகக் குறை சொன்னதில்லை. அந்தத் தைரியத்தில்தான், போன மாதம் ஒருங்கிணைப்பாளர் வந்து "புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்கு நீங்களே அரைநாள் டிரெய்னிங் எடுங்களேன், வெளியாள் என்றால் செலவு" என்றபோது யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

தலைப்பு, வகுப்பில் கேள்வி கேட்பது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பொதுவாக ஒரு விநாடிக்கு மேல் காத்திருப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பிள்ளைகளின் பதில் நீளமாகவும் யோசித்ததாகவும் வருகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆராய்ச்சியாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினாரே, அந்த விஷயம். எனக்கு ரொம்பப் பிடித்தது, பல வருஷமாக என் வகுப்பில் செய்தும் வருகிறேன். இரண்டு ராத்திரி கண்விழித்து 62 ஸ்லைடு தயாரித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டரை மணி, 28 பேர். முதல் இருபது நிமிஷம் மரியாதையாகக் கேட்டார்கள். அப்புறம் ஒருவர் மேசைக்குக் கீழே நோட்டுத் திருத்த ஆரம்பித்தார். விளையாட்டு ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு "மைதானத்தில் நான் விசில்தான் ஊதுகிறேன், இதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்றார். இங்கிலாந்திலிருந்து வந்தவர் ஒருவர், இதெல்லாம் பயிற்சிக் கல்லூரியிலேயே படித்தாயிற்று என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன். கருத்துப் படிவத்தில் பார்த்தால் எல்லோரும் "நன்று" என்று டிக் போட்டிருக்கிறார்கள்! அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் திங்கட்கிழமை வராந்தாவில் நடந்து போகும்போது ஒரு வகுப்பிலும் எதுவும் மாறவில்லை.

ஆனாலும் எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இன்டர்நேஷனல் பள்ளிகளுக்குப் போய் டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் அதை எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? ஐபி, கேம்பிரிட்ஜ் போன்ற பாடத்திட்ட அமைப்புகள் வழியாகப் போக முடியுமா? இதை மட்டுமே வைத்துப் பிழைக்க முடியுமா? யாராவது இந்தத் துறையில் இருந்தால் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி டிரெய்னர்:

முதலில் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று கேட்டிருப்பீர்கள் இல்லையா, கேட்டுவிட்டு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள்?

சரி, நானும் அப்படித்தான் தொடங்கினேன். 14 வருஷம் கணக்கு நடத்தினேன், இப்போது ஒன்பது வருஷமாக இதுதான் வேலை, என் முதல் பயிற்சி உங்களுடையதைவிட மோசம், பாதி நேரத்தில் புரொஜெக்டரும் கைவிட்டது. சின்னப் பிள்ளை தெரியாததைத் தெரிந்துகொள்ள வருகிறது. பதினைந்து வருஷம் நடத்திய ஆசிரியர் அப்படி வருவதில்லை, தனக்கு இதுவரை வேலைக்கு ஆன ஒரு வழியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். "மூன்று விநாடி காத்திருங்கள்" என்று நீங்கள் சொன்னால் "இத்தனை நாளும் தப்பாக நடத்தினாய்" என்றுதான் அவர் காதில் விழும். பெரியவர்கள் கற்கும் விதம் பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ் இதைத்தான் விரித்துச் சொல்கிறார்: எதற்காகக் கற்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், அவர்கள் அனுபவத்துக்கு அறையில் இடம் இருக்க வேண்டும், நாளைக்கு இருக்கும் தலைவலி ஒன்று அதனால் குறைய வேண்டும்.

இதே தலைப்பை நான் எடுத்தால் ஸ்லைடே கிடையாது. ஒரு வாரம் முன்னதாகவே, உங்கள் வகுப்பில் பத்து நிமிஷம் உங்கள் குரலை போனில் பதிவு செய்து வாருங்கள், யாருக்கும் போட்டுக் காட்ட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு எண்ண வேண்டியதுதான், எத்தனை கேள்வி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி. அறை அப்படியே அமைதியாகிவிடும். தான் நிதானமாகக் காத்திருப்பவர் என்று சத்தியம் செய்த ஒரு கணக்கு வாத்தியார் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு "சார், நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன், பதினோரு தடவை" என்றார். அதற்கப்புறம் ஆராய்ச்சி பற்றி நான் பேச வேண்டியதே இல்லை, அவர்களே கேட்டார்கள். உங்கள் விளையாட்டு ஆசிரியரும் அடுத்தடுத்து கட்டளை கொடுப்பவராகத்தான் இருப்பார், அவருடைய பதிவில் கேள்வியே இருக்காது, அதுவே அவருக்கான பாடம்.

இன்னொன்று, அரைநாளில் எதுவும் மாறாது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். விளக்கமும் செயல்விளக்கமும் அறைக்குள் செய்யும் பயிற்சியும் வேண்டியவைதான், ஆனால் கற்றது வகுப்புக்குள் போக வேண்டுமானால் அப்புறம் யாராவது கூடவே இருந்து கைகொடுக்க வேண்டும். அதனால் ஒருநாள் மட்டும் வா என்று கூப்பிடும் பள்ளிகளுக்கு நான் இப்போது போவதில்லை. ஆறு வாரம் கழித்துத் திரும்பி வருவேன், விருப்பமுள்ளவர்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்காருவேன் என்று முதலிலேயே பேசிக்கொள்கிறேன். கையில் ஒரு சின்ன நோட்டு, மூன்று கட்டம்: மணி, ஆசிரியர் சொன்னது, பிள்ளைகள் செய்தது. என் கருத்துக்கு அதில் கட்டமே கிடையாது. வகுப்பு முடிந்ததும் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு சும்மா இருப்பேன். அந்தச் சும்மா இருப்பதைக் கற்றுக்கொள்ளத்தான் எனக்கு நாலு வருஷம் ஆனது.

இனி வழி. ஐபியில் ஐபென் (ஐபி எஜுகேட்டர் நெட்வொர்க்) என்று கல்வியாளர்களின் வலையமைப்பு ஒன்று இருக்கிறது. வொர்க்‌ஷாப் லீடர்கள், பள்ளிகளைப் பார்வையிடப் போகிறவர்கள், ஆலோசகர்கள் எல்லோரும் அதில்தான், பெரும்பாலோர் இன்னமும் ஏதோ ஒரு பள்ளியில் வேலை பார்ப்பவர்கள். விண்ணப்பித்து, தேர்வானால் பயிற்சி பெற்று, அப்புறம் அவர்கள் கூப்பிடும்போது போக வேண்டும். வேலை ஏன் வற்றாமல் இருக்கிறது என்றால், ஒரு பள்ளி ஐபி அங்கீகாரம் வாங்கவும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மதிப்பீட்டுக்கும் ஆசிரியர்கள் ஐபி ஏற்ற பயிற்சி பெற்றிருக்க வேண்டும். ஆசிய பசிபிக் அலுவலகமும் நம் ஊரிலேயே இருப்பது வசதி. கேம்பிரிட்ஜில் பிடிக்யூ என்று ஆசிரியர்களின் தொழில் மேம்பாட்டுக்கான சான்றிதழ், டிப்ளோமா படிப்புகள் உண்டு. அதைப் பள்ளிக்குள்ளேயே நடத்தலாம், நடத்துவதற்கு உள்ளேயிருந்தே அனுபவமுள்ள ஒருவரை நியமிப்பார்கள். உங்களுக்கு அது சரியான நுழைவாயில் என்று நினைக்கிறேன், ஒரே கூட்டத்தோடு மாதக்கணக்கில் இருக்கலாம். ஆனால் உங்கள் பள்ளி கேம்பிரிட்ஜ் பக்கமும் இருக்க வேண்டும்.

பின்பெஞ்சு:

உட்கார்ந்து கேட்கும் ஜாதியிலிருந்து ஒரு குரல். பத்து வருஷத்தில் நான் போகாத வொர்க்‌ஷாப் இல்லை. விமானத்தில் வந்து இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு "உங்களுக்குப் பிடித்த விலங்கைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள்" என்று ஆரம்பிப்பார்கள். அப்புறம் கலர் கலராக ஒட்டுக் காகிதம். போன வருஷம் ஒருநாள் முழுக்க எழுதி எழுதிச் சுவர் நிறைய ஒட்டினோம். மஞ்சளில் நம் கனவு, பச்சையில் நம் தடைகள், ரோஸில் என்னவோ. சாயங்காலம் பையை எடுக்கத் திரும்பிப் போனால் துப்புரவு அக்கா எல்லாவற்றையும் உரித்துக் கறுப்புப் பையில் போட்டுக்கொண்டிருந்தார், "இது வேணுமா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன், நிஜமாகவே வேண்டாம்.

22 பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழியாக இருக்கும் வகுப்பு என்னுடையது. காட்டுகிற வீடியோவில் எல்லாப் பிள்ளையும் ஒரே ஊர், ஒரே மொழி. கொரியாவிலிருந்து போன மாதம் வந்த பிள்ளைக்கு மூன்று விநாடி எந்த மூலைக்கு? அது கேள்வியை மனதில் மொழிபெயர்க்கவே பத்து விநாடி ஆகும். இதைச் சொல்லிக்கொடுக்க வருகிறவர் என் வகுப்பில் ஒரு பீரியட் உட்கார்ந்துவிட்டு வரட்டும், அப்புறம் 62 ஸ்லைடு என்ன, 100 ஸ்லைடுகூடப் பார்க்கிறேன்.

பழைய வாத்தியார்:

அம்மா, நான் அரசாங்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், இன்டர்நேஷனல் பள்ளி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் வாத்தியாருக்கு வாத்தியார் என்பது எங்கள் பக்கம் பழக்கமான விஷயம். கல்வி அமைச்சில் இதற்கு ஏணியே உண்டு: சீனியர் டீச்சர், லீட் டீச்சர், மாஸ்டர் டீச்சர், அதற்கும் மேலே பிரின்சிபல் மாஸ்டர் டீச்சர். நிர்வாகத்துக்குப் போகாமலே, பாடம் நடத்துபவராகவே மேலே போகலாம். 2010ல் அகாடமி ஆஃப் சிங்கப்பூர் டீச்சர்ஸ் வந்தபின் இது இன்னும் ஒழுங்கானது. தமிழாசிரியர்களுக்கு பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் நிலையம் இருக்கிறது. அங்கே நடக்கும் பகிர்வுகளில் நான் கற்றது ஆசிரியர் பயிற்சிக்காகத் தேசியக் கல்விக் கழகத்தில் படித்ததற்குக் கொஞ்சமும் குறைவில்லை.

அங்கே எங்களுக்குக் கைகொடுத்தது ஜப்பான்காரர்களின் பாட ஆய்வு முறை. நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவோம், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் பார்ப்போம். பார்ப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. ஒருமுறை எனக்குக் கிடைத்த வேலை, மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு பையனை மட்டும் அரை மணி நேரம் கவனிப்பது. வேற்றுமை உருபுப் பாடம். பையன் கேள்விக்கெல்லாம் கை தூக்கினான், ஆனால் நோட்டில் எழுதியதை ரப்பரால் ஆறு தடவை அழித்தான். நடத்தியவருக்கு அவன் கை மட்டும்தான் தெரிந்தது. ரப்பர் தூளை நான்தான் பார்த்தேன். அப்புறம் பேசும்போது யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிருக்கவில்லை, பேச்சு முழுக்க அந்தப் பையனைப் பற்றித்தான். உங்கள் ஆசிரியர்கள் பல நாட்டுக்காரர்களாக இருப்பார்கள், அவர்களுக்கும் இது ஒத்துவரும் என்று தோன்றுகிறது, செய்து பாருங்கள். காசும் ஆகாது.

உட்லண்ட்ஸ்காரி:

பிழைப்பு பற்றி யாரும் பேசவில்லையே, நான் சொல்கிறேன். வேலையை விடுவதற்கு முன், சிங்கப்பூரில் இருக்க உங்களிடம் உள்ள அனுமதி (பாஸ்) எந்த வகை என்று பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்தால் உங்களை எடுத்த பள்ளிக்குத்தான் வேலை பார்க்கலாம், வார இறுதியில் வேறு பள்ளிக்குப் போய்க் காசு வாங்கிப் பயிற்சி கொடுப்பதெல்லாம் சிக்கல். நான் டிபென்டன்ட் பாஸில் (வேலை பாஸில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருந்தபோது ஒப்புதல் கடிதம் வாங்கி வேலை செய்தேன். 2021 மே மாதத்திலிருந்து அது போய்விட்டது, வேலைக்குச் சேர வேண்டுமென்றால் தனியாக வேலை பாஸ் வேண்டும். நிரந்தரவாசியான பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எதற்கும் மனிதவள அமைச்சு இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், கோப்பிக்கடைப் பேச்சை நம்ப வேண்டாம், என் பேச்சையும் சேர்த்துத்தான்.

பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கான ஏசிஎல்பி சான்றிதழ் கட்டாயமா என்று யாராவது குழப்புவார்கள். அது டபிள்யூஎஸ்க்யூ எனும் தேசியத் தொழில்திறன் படிப்புகள் நடத்த வேண்டுமானால்தான். பள்ளிகள் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் பெரியவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று தெரியாமல் தடுமாறியபோது எனக்கு உதவியாகத்தான் இருந்தது. வருமானம் சீராக இருக்காது. என் அனுபவத்தில், கல்வியாண்டு தொடங்கும் வாரங்களில் மூச்சுவிட நேரமில்லை, தேர்வுக்காலத்தில் போனே அடிக்காது. ஆகஸ்டில் தொடங்கும் பள்ளி, ஜனவரியில் தொடங்கும் பள்ளி, ஏப்ரலில் தொடங்கும் இந்தியப் பாடத்திட்டப் பள்ளி என்று மூன்றையும் பிடித்து வைத்திருப்பதால் ஓடுகிறது.

பொங்கோல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. டிரெய்னர் சார், கேள்வி கேட்டு எத்தனை விநாடி காத்திருந்தேன் என்றீர்களே. படித்ததும் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை. அன்றைய நிகழ்ச்சியை ஐடிக்காரர் பதிவு செய்திருந்தார், நேற்று போட்டுப் பார்த்தேன். "எனி கொஸ்டின்ஸ்?" கேட்டதற்கும் அடுத்த ஸ்லைடுக்கும் நடுவில் ஒரு விநாடிகூட இல்லை. காத்திருப்பு பற்றிய ஸ்லைடிலேயே அப்படி.

நிரந்தரவாசிதான் நான், அந்தக் கவலை இல்லை. ஆனால் வேலையை இப்போது விடுவதாக இல்லை. எங்கள் பள்ளியில் கேம்பிரிட்ஜ் கிடையாது, அதனால் ஐபி பக்கம்தான் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால், விளையாட்டு ஆசிரியரிடம் போய் உங்கள் வகுப்பில் ஒருநாள் நிற்கட்டுமா என்று கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். புதன்கிழமை இரண்டாவது பீரியட், தொப்பி கொண்டுவாருங்கள், வெயில் என்றார்.

பின்பெஞ்சு:

தொப்பி சரி. ஸ்லைடு கொண்டுபோகாதீர்கள்.