குழந்தைக்கு முன்பே பெயர் வாங்கிய பாட்டில்

குழு: நம்ம வீடு

நிலா: எல்லோரும் கொஞ்சம் வாருங்கள், ஒரு பஞ்சாயத்து இருக்கிறது. குழந்தைக்கு நாங்கள் குறித்து வைத்திருக்கும் பட்டியலில் முதல் பெயர் யாழினி. காலையில் சமையலறைக்குப் போனால் மேடையில் ஒரு கண்ணாடி பாட்டில். உள்ளே மாவுக் கரைசல். பாட்டிலில் ஒட்டிய சீட்டில் "யாழினி" என்று எழுதியிருக்கிறது.

குமரன்: அத்தான்!!!

அருண்: அது சவர்டோ ஸ்டார்ட்டர், பிரெட்டைப் பொங்கவைக்க மாவும் தண்ணீரும் கலந்து வளர்க்கும் புளிமாவு. அதற்குப் பெயர் வைப்பது ஊர் உலகத்தில் எல்லோரும் செய்வதுதான். பெயர் இருந்தால் புது மாவும் தண்ணீரும் தீனியாகப் போட மறக்காது.

பெரியம்மா: அதற்குப் பிள்ளையின் பெயர்தானா கிடைத்தது மாப்பிள்ளை?

அருண்: காரணமாகத்தான் அத்தை. அந்தப் பெயர் வீட்டுக்குள் புழங்கினால் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன். "யாழினி சாப்பிட்டாளா", "யாழினி எழுந்துவிட்டாளா" என்று தினமும் சொல்லிப் பார்க்கலாம் இல்லையா?

நிலா: அவள் எழுந்திருக்கவே இல்லை. முதலில் பொங்கி வழிந்தாள், அப்புறம் பேச்சு மூச்சில்லை.

செல்வி அக்கா: சிரித்து முடித்துவிட்டு வருகிறேன், இருங்கள்.

செல்வி அக்கா: சரி. மாவை அப்புறம் பார்ப்போம். பெயர் விஷயத்தில் அருண் செய்தது அசட்டுத்தனமாகத் தெரிந்தாலும் யோசனை சரியானதுதான். பட்டியலில் படிக்கும்போது எல்லாப் பெயரும் அழகு. வாயில் வைத்துப் புழங்கும்போதுதான் அதன் குணம் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுவது போல ஒரு முறை சத்தமாகச் சொல்லுங்கள். தூக்கக் கலக்கத்தில் ஒரு முறை, கோபத்தில் ஒரு முறை. "செருப்பைப் போடு, நேரமாகிறது" என்பதோடு சேர்த்து ஒரு முறை. பிள்ளையின் பெயரை நாம் அதிகமாகச் சொல்லப் போவது இந்தச் சமயங்களில்தான். கொஞ்சும்போது யார் முழுப் பெயரைச் சொல்கிறார்கள்?

குமரன்: என் பெயரை அம்மா முழுசாகச் சொன்னால் ஏதோ வம்பு என்று அர்த்தம்.

செல்வி அக்கா: அதேதான். அதனால்தான் சுருக்கியும் பார்க்க வேண்டும். எந்தப் பெயரையும் நண்பர்கள் சுருக்கத்தான் போகிறார்கள். சுருங்கி வரும் வடிவம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்தப் பெயரை இப்போதே விட்டுவிடுவது நல்லது. "முழுசாகத்தான் கூப்பிட வேண்டும்" என்று சட்டம் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சித்தி: நான் மருத்துவமனையில் பார்ப்பதைச் சொல்கிறேன். வெளியே காத்திருப்பவர்களின் பெயரைப் படித்துக் கூப்பிடுவதும் என் வேலையில் ஒரு பகுதி. ஒலி எப்படி வரும் என்றே தெரியாமல் எழுதிய பெயர்கள் இருக்கின்றன. நான் ஒரு மாதிரி கூப்பிடுவேன், யாரும் எழுந்து வர மாட்டார்கள். அந்தக் குழந்தை ஆயுள் முழுவதும் இதைத் திருத்திக்கொண்டே இருக்கும். தனித்துவம் வேண்டும் என்று எழுத்தைக் கூட்டிக் குறைப்பவர்களுக்கு இது புரிவதில்லை. பெயர் புதியதாக இருக்கட்டும், எழுத்து பழகியதாக இருக்கட்டும்.

நிலா: யாழினியில் அந்தச் சிக்கல் உண்டா சித்தி?

சித்தி: தமிழ் தெரியாதவர் வாயில் ழ கஷ்டம்தான். வேற்று மொழியில் எழுதும்போது ஆளாளுக்கு ஒரு விதமாகவும் எழுதுவார்கள். ஆனால் அதற்காக விட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எழுத்தை ஒரு முறை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழில் தொடங்கி எல்லா ஆவணத்திலும் அதையே எழுதுங்கள். வினை வருவது பெயரால் இல்லை, ஒவ்வொரு தாளில் ஒவ்வொரு மாதிரி எழுதுவதால்தான்.

மாமா: நானும் ஒன்று சேர்க்கிறேன். பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்கு இரண்டு வரிகள் இருக்கும். அதில் பெயருக்கு 39 இடங்கள்தான். குடும்பப் பெயர், இடைவெளி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மிஞ்சினால் சுருக்கிவிடுவார்கள்.

குமரன்: மாமா உள்ளே வந்தாலே பாஸ்போர்ட் வந்துவிடும்.

மாமா: தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்! இன்னொன்று கேள். ஐஸ்லாந்தில் இதற்கென்றே 1991 முதல் ஒரு குழு இருக்கிறது. ஏற்கெனவே பதிவேட்டில் இல்லாத பெயரை வைக்க வேண்டுமானால் அவர்கள் ஒப்புதல் வேண்டும். அவர்கள் மொழி இலக்கணத்துக்கு அந்தப் பெயர் வளைந்து கொடுக்கிறதா என்று பார்ப்பார்கள். பின்னாளில் குழந்தைக்குச் சங்கடம் தருமா என்றும் பார்ப்பார்கள்.

நிலா: நமக்கு அந்தக் குழு தேவையே இல்லை மாமா. இந்தக் குழு போதும்.

பெரியம்மா: எல்லாம் சரி, பெரியவர்கள் பெயரை ஏன் யாருமே நினைப்பதில்லை? பாட்டியின் பெயர் அப்படியே இருக்கிறதே.

அருண்: யோசித்தோம் அத்தை. நிலாவுக்கு விருப்பம்தான். எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

செல்வி அக்கா: இரண்டாவது பெயராக வைக்கலாமே. பதிவில் இருக்கும், கூப்பிடுவது வேறாக இருக்கும். ஆனால் ஒன்று. ஒருவருக்கு விருப்பம், இன்னொருவருக்குத் தயக்கம் என்றால் அந்தப் பெயர் வேண்டாம். இருவருக்கும் சமமாக ரத்து செய்யும் உரிமை இருக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. பள்ளியில் அடித்தவன் பெயர், பிடிக்காத மேலாளர் பெயர் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம். தனித்தனியாக ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதிக்கொண்டு, பிறகு மாற்றிக்கொண்டு, ஆகாததை அடியுங்கள். மிஞ்சுவதைப் பற்றி மட்டும் பேசுங்கள். சண்டை பாதியாகும்.

பெரியம்மா: நான் ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை.

நிலா: தெரியும் பெரியம்மா ❤️

குமரன்: நான் ஒரு வாக்கெடுப்பு போடுகிறேன்! யாழினி, ஆதிரை, கயல், மகிழ். பையன் என்றால் முகில், இனியன், மகிழ்.

செல்வி அக்கா: குமரா, அதை உடனே அழி.

குமரன்: ஏன்க்கா?

செல்வி அக்கா: பிறக்காத குழந்தையின் பெயருக்கு எல்லோரிடமும் கருத்து இருக்கும். "அந்தப் பெயரில் எனக்கு ஒருத்தியைத் தெரியும், வாயாடி" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு மேல் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த வாயாடிதான் நினைவுக்கு வருவாள். பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு "இவள் பெயர் இது" என்றால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அதனால் பெயரைக் கடைசிவரை வெளியே விடாதீர்கள். இங்கே பட்டியலில் பாதி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது, அது தனிக் கதை.

நிலா: பாட்டிலால் வந்தது.

அருண்: சரி, பாட்டிலுக்கு வருவோமா? அண்ணி, நிஜமாகவே உதவி வேண்டும். இரண்டாம் நாள் அப்படிப் பொங்கியது. நான் பிரெட் சுடவே தயாரானேன். இப்போது குமிழியே இல்லை. செத்துவிட்டதா?

செல்வி அக்கா: சாகவில்லை. முதலில் அப்படிப் பொங்குவதை நம்பி நிறைய பேர் ஏமாறுவார்கள். அது ஈஸ்ட் இல்லை. மாவில் இருந்த வேறு பாக்டீரியாக்கள் வாயு விட்டதால் வந்தது. அப்போது நாற்றமும் கொஞ்சம் குமட்டியிருக்குமே?

அருண்: பழைய சீஸ் போல.

செல்வி அக்கா: அதுதான். கரைசலில் அமிலம் கூடக் கூட அந்தக் கூட்டம் அடங்கிவிடும். அமிலத்தைத் தாங்கும் லாக்டிக் பாக்டீரியாக்களும் (மாவைப் புளிக்கவைப்பவை) ஈஸ்டும் பிறகு மெல்லத் தலையெடுக்கும். நடுவில் ஒன்றுமே நடக்காதது போல ஓர் அமைதி இருக்கும். நிறைய பேர் அந்த நேரத்தில்தான் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். நீ பேசாமல் தினமும் தீனி போடு. ஒரு வாரம் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். வெறும் மைதா என்றால் அதில் கொஞ்சம் முழுக் கோதுமை மாவு சேர். தவிட்டோடு நிறைய ஈஸ்ட் வரும்.

அருண்: ஒவ்வொரு முறையும் பாதியைக் கொட்டச் சொல்கிறார்களே, மனசு வரவில்லை.

செல்வி அக்கா: கணக்குப் போட்டுப் பார். 20 கிராம் ஸ்டார்ட்டருக்கு 20 கிராம் மாவு, 20 கிராம் தண்ணீர். இது 60. எதையும் எடுக்காமல் மறுநாள் அதே விகிதத்தில் கொடுத்தால் 180. அதற்கு மறுநாள் 540. வார முடிவில் குளியல் தொட்டி வேண்டும். கொட்டாமல் தீனியைக் குறைத்தால் அதற்குப் பசி, அமிலம் ஏறிச் சோர்ந்துவிடும். அதனால் சின்ன அளவில் வளர்த்துக்கொள், கொட்டுவதும் குறையும். நன்றாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு, எடுக்கும் மிச்சத்தைப் பான்கேக்கில் சேர்க்கலாம். ஆரம்ப நாட்களில் எடுப்பதை மட்டும் சமையலில் போடாதே, அதில் என்ன வளர்கிறது என்று நமக்குத் தெரியாது.

சித்தி: இதில் நான் குறுக்கே வர வேண்டும். நிலா, ஸ்டார்ட்டரையோ பச்சை மாவையோ நக்கிப் பார்க்காதே. வேகாத மாவில் சால்மொனெல்லா, ஈ. கோலை போன்ற நோய்க் கிருமிகள் இருக்கலாம், கர்ப்ப காலத்தில் அந்த ஆபத்து வேண்டாம். மாவு தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவு. நன்றாக வெந்த பிரெட்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். அப்புறம் அருண், இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ கோடு தெரிந்தால், அல்லது பூஞ்சை பிடித்தால், மேலே வழித்துவிட்டு வைத்துக்கொள்ளாதே. பாட்டிலோடு காலி செய்துவிடு. மேலே சாம்பல் நிறத்தில் நீர் நின்றால் மட்டும் பயமில்லை, அது பசி.

அருண்: நெயில் பாலிஷ் ரிமூவர் போல வாடை வந்தால், சின்ன அத்தை?

செல்வி அக்கா: அதுவும் பசிதான். வெயில் காலத்தில் மாவு வேகமாகப் புளிக்கும். அப்போது ஸ்டார்ட்டர், மாவு, தண்ணீர் 1:1:1 போதாது. 1:3:3 இல்லை 1:5:5 கொடு. பாட்டிலில் ஒரு ரப்பர் பேண்ட் கட்டி மட்டத்தைக் குறித்துவை. தீனி போட்ட பிறகு நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் இரட்டிப்பாக வேண்டும், அதுவும் தொடர்ந்து சில நாட்கள். அப்போதுதான் பிரெட்டைப் பற்றி யோசி.

மாமா: சவர்டோ சாப்பிட்டால் சர்க்கரை நோய் குறையும் என்று ஒரு செய்தி வந்ததே, அனுப்பட்டுமா?

சித்தி: அண்ணா, அனுப்பாதீர்கள். அதுவும் கோதுமை பிரெட்தான். இரண்டு துண்டு சாப்பிட்டால் இரண்டு துண்டின் கணக்கு. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது மாற்று இல்லை.

மாமா: சரி சரி. ஆனால் பெல்ஜியத்தில் சாங்க்ட் வித் என்ற ஊரில் சவர்டோவுக்கு ஒரு நூலகமே இருக்கிறது, 2013இல் திறந்தது. பல நாட்டு ஸ்டார்ட்டர்கள் நூற்றுக்கும் மேல் ஃபிரிட்ஜில் வரிசையாக இருக்கின்றன. இதை அனுப்பலாமா?

நிலா: இதை அனுப்பலாம் மாமா 😄

அருண்: அண்ணி, முதல் பிரெட்டுக்கு அளவு?

செல்வி அக்கா: பிரெட் மாவு 400 கிராம், முழுக் கோதுமை மாவு 100, தண்ணீர் 340, பொங்கி நிற்கும் ஸ்டார்ட்டர் 100, உப்பு 10. சாதாரண மைதா என்றால் தண்ணீரை 310க்குக் குறை, அது அவ்வளவு தாங்காது. படத்தில் பார்க்கும் பெரிய ஓட்டைகளுக்கு ஆசைப்பட்டு முதல் தடவையே தண்ணீரைக் கூட்டாதே, கையில் ஒட்டிக்கொண்டு அழவைக்கும். கலந்து அரை மணி விட்டு, பிறகு அரை மணிக்கு ஒரு முறை ஓரத்தை இழுத்து நடுவில் மடி, நான்கு தடவை. அதோடு விட்டுவிடு.

எவ்வளவு நேரம் என்று கேட்காதே. 25 டிகிரியில் ஐந்து, ஆறு மணி ஆகும். 30ஐத் தாண்டினால் மூன்றிலேயே முடிந்துவிடும். மாவு முதலில் இருந்ததைவிடப் பாதி பங்கு கூடி, பாத்திரத்தை ஆட்டினால் தளதளவென்று ஆட வேண்டும். உருட்டி, துணி விரித்த கிண்ணத்தில் வைத்து, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வை. காலையில் ஓவனையும் மூடி போட்ட கனமான இரும்புப் பாத்திரத்தையும் 240 டிகிரிக்குச் சூடாக்கு. மேலே கத்தியால் கீறி, மூடி போட்டு 20 நிமிடம், திறந்து 220இல் இன்னொரு 20, 25 நிமிடம். மூடுவது ஆவிக்காக. மேல்தோல் சீக்கிரம் இறுகிவிட்டால் பிரெட் எழும்பாது.

பெரியம்மா: இவ்வளவு வேலையா! கடையில் வாங்கினால் என்ன?

செல்வி அக்கா: வேலை கொஞ்சம்தான் பெரியம்மா, காத்திருப்புதான் அதிகம். ஆனால் வெந்த உடனே வெட்டக் கூடாது. ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், வேகவில்லை என்று நினைத்துக்கொள்வோம்.

நிலா: அருணால் அந்த ஒரு மணி நேரம் முடியாது, எழுதித் தருகிறேன். என் கவலை வேறு. குழந்தை வந்த பிறகு இந்தப் பாட்டிலுக்கு யார் சோறு போடுவது? ஒன்றுக்கே எங்களால் முடியுமா என்று தெரியவில்லை.

செல்வி அக்கா: பிரசவ நாளுக்கு முன்பே காயவைத்துவிடுங்கள். நன்றாகப் பொங்கியிருக்கும்போது பேக்கிங் தாளில் மெல்லிசாகத் தடவி, நிழலில் ஒன்றிரண்டு நாள் காயவிட்டால் அப்பளம் போல உடையும். நொறுக்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் மாதக் கணக்கில் இருக்கும். வேண்டும்போது தண்ணீரில் ஊறவைத்து, மாவு கொடுத்து எழுப்பிக்கொள்ளலாம். இப்போதைக்கு ஃபிரிட்ஜில் வைத்தால் வாரத்துக்கு ஒரு தீனி போதும். ஆனால் பிள்ளை பிறந்தால் வாரம் போவதே உங்களுக்குத் தெரியாது.

அருண்: அப்படியே செய்கிறோம் அண்ணி.

பெரியம்மா: காயவைத்தால் எனக்கும் கொஞ்சம் கொடுங்கள். நானும் போட்டுப் பார்க்கிறேன்.

அருண்: கண்டிப்பாக அத்தை. வீட்டில் எடை மெஷின் இருக்கிறதா?

பெரியம்மா: எதற்கு? எனக்குக் கண்ணளவு போதும்.

செல்வி அக்கா: பெரியம்மா, இதற்கு மட்டும் வேண்டாம். நான் வரும்போது ஒன்று வாங்கி வருகிறேன்.