பொருள்: 'ஏஜ் அட் ஆன்செட்' – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

அல்சூர்:
நண்பர்களே, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய் பற்றிய ஆய்வு ஒன்றின் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள், அப்புறம் நம்ம பெங்களூரு சிவாஜிநகர், ஸ்ரீராம்புரம் ஆட்கள். நோய் எந்த வயதில் வந்தது, அதற்கும் கவனம், நினைவு, திட்டமிடல் இவற்றின் பாதிப்புக்கும் என்ன தொடர்பு என்பதுதான் ஆய்வு. 'ஏஜ் அட் ஆன்செட்'டுக்கு 'நோய் தொடக்க வயது', 'காக்னிஷ'னுக்கு 'அறிவுத்திறன்' என்று போட்டிருக்கிறேன். சரியா?

மல்லேஸ்வரம்:
வயது வடசொல். 'அகவை' இருக்க அதை ஏன் தொடவேண்டும்? 'நோய்நாடி நோய்முதல் நாடி' என்றார் வள்ளுவர். ஆகவே 'நோய்முதல் அகவை'. காக்னிஷனுக்கும் வெளியே தேட வேண்டாம். தொல்காப்பியத்தின் மரபியல், ஓரறிவை 'உற்றறிவதுவே' எனத் தொடங்கி 'ஆறறிவதுவே அவற்றொடு மனனே' என முடிக்கிறது. மனன் என்றால் மனம். எனவே 'மனனறிவு'. மன்னுதல், மனம், மன்றம் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரித்து எழுதுகிறேன்.

ஜெயநகர்:
விரிக்க வேண்டாம் ஐயா, வியாழன் வந்துவிடும். குறளில் நோய்முதல் என்றால் நோயின் காரணம். படிவத்தில் அதைப் போட்டால் 'காரண வயது' ஆகிவிடும். வேர் ஆராய்ச்சிக்குத் தொல்காப்பியரே பதில் சொல்லிவிட்டார்: 'மொழிப்பொருள் காரணம் விழிப்பத் தோன்றா.' ஒரு சொல்லுக்கு அந்தப் பொருள் ஏன் வந்தது என்பது பளிச்சென்று தெரியாது என்கிறார். பதினெட்டு வருடம் மூடிக்கிடந்து 2009-ல்தான் நம் அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை முகம் காட்டியது. அவரைத் தப்பான இடத்துக்கு இழுக்காதீர்கள்.

பொம்மனஹள்ளி:
நான் மனநல சமூகப்பணியில் இருப்பவள். 'அறிவுத்திறன் பாதிப்பு' என்று வாசித்துக் காட்டினால் அம்மாக்கள் முகம் சுருங்கிவிடும். 'என் பையன் பி.யூ.சி.யில் நல்ல மார்க் வாங்கினவன், அறிவில்லாதவன் இல்லை' என்பார்கள். நம் ஊரில் 'அறிவிருக்கா' என்பது வசவு. அந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

'தொடக்கம்' அதைவிடச் சிக்கல். எப்போது தொடங்கியது என்று கேட்டால் அம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்த மாதத்தைச் சொல்வார். கூட வந்த அக்கா, 'அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே காலேஜ் போறதை நிறுத்திட்டான், கதவைச் சாத்திக்கிட்டு தனியா பேசிக்கிட்டிருந்தான்' என்பாள். ஆய்வாளர்களிலும் சிலர் முதல் அறிகுறியையும் சிலர் முதல் சிகிச்சையையும் கணக்கில் எடுக்கிறார்கள். எது என்று படிவம் சொல்லியாக வேண்டும்.

பொதுவாக ஆண்களுக்குப் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ வருகிறது. பெண்களுக்குச் சில வருடம் தள்ளி, நாற்பதுக்கு மேல் இன்னொரு சிறு ஏற்றமும் உண்டு. இளம் வயதிலேயே வந்தவர்களிடம் நினைவு, வேகம், திட்டமிடல் எல்லாம் கூடுதலாக அடிவாங்குவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்த 2009-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று காட்டியது. ஆனால் பதினைந்தில் நோய் வந்து இப்போது முப்பத்தைந்தில் இருப்பவர் இருபது வருட நோயையும் சுமக்கிறார். எது வயதால், எது காலத்தால் என்று பிரிப்பது லேசு இல்லை. அதோடு, கவனக்குறைவு பல பேரிடம் நோய் வெளிப்படும் முன்பே தெரிகிறது. 'நோயால் ஏற்பட்ட' என்று படிவத்தில் எழுதிவிடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு:
இலங்கைப் பாடநூல்களில் 'அறிகை' இருக்கிறதே? அதில் வசவு ஒட்டாது. ஒரு விஷயம்: ஜெர்மன் மனநல மருத்துவர் கிரேப்பலின் 1890-களில் இந்த நோய்க்கு நிலைநிறுத்திய பழைய பெயர் 'டிமென்ஷியா ப்ரீகாக்ஸ்'. 'டிமென்ஷியா' என்றால் அறிவு மங்குதல். 'ப்ரீகாக்ஸ்' என்றால் காலத்துக்கு முந்தியது. நாம் தேடும் வயது, அறிகை இரண்டுமே அந்தப் பெயருக்குள் இருந்தன! 1908-ல் சுவிஸ் மனநல மருத்துவர் ப்ளாய்லர் இரண்டையும் தூக்கிவிட்டு 'ஸ்கிசோஃப்ரீனியா' என்றார். ஜப்பானியர்கள் 2002-ல் அதையும் மாற்றினார்கள். 'மனச்சிதைவு' மட்டும் நல்ல சொல்லா என்ன? சிதைந்தது திரும்பாது என்றல்லவா குடும்பம் நினைக்கும்?

ஜெயநகர்:
அதை இன்னொரு இழையில் தொடங்குங்கள், தயவுசெய்து.

அல்சூர்:
படிவம் போய்விட்டது. 'முதல் அறிகுறி தெரிந்த வயது' என்றும், 'சிந்தனைத் திறன்கள்' என்று போட்டு அருகிலேயே கவனம், நினைவு, திட்டமிடல் என்றும் எழுதினேன். அறிகை எனக்குப் பிடித்தது, ஆனால் வாசித்துக் காட்டியபோது என் மாமியாருக்கே புரியவில்லை. பெரும்பாலோர் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மல்லேஸ்வரம்:
என் சம்மதம் இல்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். 'தெரிந்த வயது' என்றால் யாருக்குத் தெரிந்த வயது? அம்மாவுக்கா, அக்காவுக்கா? 'மன்' வேர் பற்றிய கட்டுரை இணைப்பில்.