பணிப்பாளர் கதிரைவரை பெண் வைத்தியர்கள் ஏன் வருவதில்லை?

வாவிக்கரையாள்:
சுகாதாரப் பணியாளரில் ஏறத்தாழ 70 சதவீதம் பெண்கள், உயர் தலைமைப் பதவிகளிலோ 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. முதல் எண் மட்டக்களப்பில் எந்த ஆஸ்பத்திரி விடுதிக்குள் நுழைந்தாலும் தெரியும். இரண்டாவதைப் பற்றி நாம் ஏன் பேசுவதில்லை?

கல்முனையூரான்:
தங்கச்சி, பரீட்சைத் தாள் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. பணிப்பாளர் கதிரைக்கு வேண்டிய மருத்துவ நிர்வாக முதுமாணிப் படிப்புக்கு இருபாலாரும் விண்ணப்பிக்கலாம். கெட்டிக்காரர்கள் நிபுணராகவே விரும்புகிறார்கள். நிபுணரானால் மாலையில் தனியார் முறையில் நோயாளர் பார்க்கலாம். நிர்வாகத்தில் கிடைப்பது கோப்பும் கணக்காய்வும் தொழிற்சங்கச் சண்டையும். விரும்பாமல் விட்டதை மறுக்கப்பட்டது என்பதா?

வாவிக்கரையாள்:
அண்ணா, அந்தப் படிப்புக்குக் கொழும்பு போக வேண்டும், அதுவும் பிள்ளை பாலர் பாடசாலை போகிற காலத்தில். எனக்குத் தெரிந்த ஒரு சுகாதார வைத்திய அதிகாரி தெரிவாகியும் போகவில்லை. "பிள்ளையை யார் பார்ப்பது?" என்று வீட்டில் எல்லோரும் அவரிடம் கேட்டார்கள். கணவரும் வைத்தியர்தான். பிறகு அந்தக் கணவர் அதே படிப்புக்குப் புறப்பட்டபோது அந்தக் கேள்வி எவர் வாயிலும் வரவில்லை.

படுவான்கரைத் தாதி:
வைத்தியர்களோடு ஏன் நிறுத்துகிறீர்கள்? இரவுக் கடமைப் பட்டியல் போடுவதும், மருந்து முடியுமுன் ஆள் அனுப்புவதும், சிற்றூழியர் பிணக்கைத் தீர்ப்பதும் நாங்கள். ஆஸ்பத்திரியின் தலைமை மட்டும் வைத்தியருக்கே. எங்கள் அனுபவம் நிர்வாகமாகக் கணக்கிலேயே வருவதில்லை.

கல்முனையூரான்:
அது கல்வித் தகைமை, சகோதரி. ஆண் தாதியரும் அதே படியில்தான் நிற்கிறார்கள். வீட்டார் கேட்ட கேள்விக்குத் திணைக்களம் என்ன செய்யும்?

வாவிக்கரையாள்:
மேலதிகாரி இல்லாதபோது அவர் இடத்தில் வேலை பார்க்கும் பதில் கடமை திணைக்களத்தின் கையில்தானே இருக்கிறது? மேலதிகாரி விடுமுறையில் போனால், "அவருக்குச் சின்னப் பிள்ளைகள், திருகோணமலைக் கூட்டத்துக்கு ஓட முடியாது" என்று பெண்ணிடம் கேளாமலே அடுத்தவருக்குக் கடிதம் போகிறது. இதை நான் நேரில் கண்டிருக்கிறேன். நாளை நேர்முகத்தில் அந்த அடுத்தவருக்கு அனுபவம் இருக்கும், இவருக்கு இருக்காது. இதையும் விருப்பம் என்பீர்களா?

கல்முனையூரான்:
கேளாமல் தாண்டுவது பிழைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒதுக்கீடு கேட்டால் எதிர்ப்பேன். சேவை மூப்பை உடைத்தால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

வாவிக்கரையாள்:
ஒதுக்கீடு என்று நான் வாயே திறக்கவில்லை. பதில் கடமையை மூப்பு வரிசைப்படியே கேளுங்கள். மறுத்தால் அவர் கையெழுத்தோடு வாங்குங்கள். படிப்பில் ஒரு பகுதியையாவது இங்கே நடத்துங்கள். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் இருக்கிறது, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் இருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை பெண்கள் "விரும்பவில்லை" என்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.