தானே புயல் அன்று செத்துக் கிடந்த பேட்டரி

கடலூர் முதுநகரிலிருந்து:

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கரையைக் கடந்தது. முந்தின நாளே பிளான்ட்டை நிறுத்திவிட்டோம். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். பல நாள் கரண்ட் இல்லை. யுபிஎஸ் முதல் நாளிலேயே தீர்ந்துபோயிற்று. கடைசியில் கரண்ட் வந்து ஸ்விட்சைப் போட்டால், சென்ட்ரிஃப்யூஜ் (சரக்கைச் சுழற்றிப் பிரிக்கும் மிஷின்) பேனலில், அதை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சியின் சிவப்பு விளக்கு எரிகிறது. பச்சைக்கு மாறவே இல்லை.

அது சீமென்ஸ் எஸ்5 115யூ. 1979ல் அறிமுகமான எஸ்5 வரிசையைச் சேர்ந்தது. அதில் ப்ரோக்ராம் ராம் நினைவகத்தில் இருக்கும். கரண்ட் போனால் ஒரு சின்ன லித்தியம் பேட்டரிதான் அதைத் தாங்கும். பேட்டரி மாற்றும்போதுகூட பவரை அணைக்கக் கூடாது. கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் சிப்பில் ஒரு பிரதி எழுதிச் செருகியிருந்தால் தப்பித்திருப்போம். எங்களுடையதில் அதைச் செருகும் இடம் காலியாக இருந்தது. பேட்டரி தீர்ந்த விளக்கு மாதக்கணக்கில் எரிந்துகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். யுபிஎஸ் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்தத் தப்பு என்னுடையது.

ரிட்டயர் ஆன ஃபோர்மேன் ஐயா வீட்டில் ஒரு ஃப்ளாப்பி கிடைத்தது. ஆனால் அது பிசிபி/எம் என்ற பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முறையில் எழுதியது. எங்கள் கம்ப்யூட்டர் அதை வெறும் தட்டு என்றது. அப்புறம் ஸ்டோர் ரூமில், ஓரத்தில் ஓட்டை போட்ட டாட் மேட்ரிக்ஸ் தாளில் ப்ரோக்ராம் முழுவதும் அச்சடித்து வைத்திருந்தது அகப்பட்டது. பாதி ஈரம். ஃபேனுக்கடியில் காயவைத்து, இரண்டு பேர் படிக்க ஒருவர் தட்டச்சு செய்ய, நான்கு நாளில் ஏற்றினோம்.

மிஷின் ஓடியது, ஆனால் சரக்கு சரியாக வரவில்லை. எத்தனையோ வருஷமாக டைமர்களை மிஷினிலேயே மாற்றியிருக்கிறார்கள், தாளில் யாரும் திருத்தவில்லை. வாஷ் வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பது ஒரே ஒரு ஆபரேட்டர் அண்ணனுக்குத்தான் தெரிந்திருந்தது. பக்கத்தில் நின்று, தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டு, "இப்போ மூடணும்" என்று அவர் சொல்லச் சொல்ல எண்களைப் போட்டேன். பிஎல்சி கார்டு பழசானது எங்களைக் கவிழ்க்கவில்லை. கார்டுக்குள் என்ன இருக்கிறது என்பது எங்குமே எழுதப்படாமல் இருந்ததுதான் கவிழ்த்தது.

புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலிருந்து:

அண்ணா, உங்கள் கதையைப் படித்ததும் எழுந்துபோய் எங்கள் பேனலைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களுடையது வேறு சிக்கல். பேக்கிங் லைனை ஓட்டும் கம்ப்யூட்டரில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8லேயே முடிந்துவிட்டது. மாற்ற முடியாததற்குக் காரணம் சாஃப்ட்வேர் அல்ல, உள்ளே இருக்கும் ஐஎஸ்ஏ என்ற பழைய வகைச் செருகு கார்டு. இப்போது கடையில் வாங்கும் மதர்போர்டில் அதற்கு இடமே கிடையாது.

மூன்று வேலை செய்தோம். நெட்வொர்க் கேபிளைக் கழற்றி, யுஎஸ்பி வாய்களை அடைத்தோம். ஹார்டு டிஸ்க்கை அச்சு அசலாக இரண்டு பிரதி எடுத்து, ஒரு பிரதியைப் போட்டு உண்மையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ஓட்டிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. அப்புறம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து, ஐஎஸ்ஏ உள்ள பழைய போர்டுகள் இரண்டு வாங்கினோம். வாங்கி அலமாரியில் வைத்தால் மட்டும் போதாது. போர்டில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் சும்மா கிடந்தாலும் கெடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பவர் கொடுத்துப் பார்க்கிறோம். கடல் காற்றுக்குச் செம்பெல்லாம் பச்சை பூத்துவிடுகிறது, அதனால் சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறோம். உங்கள் பக்கம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

மறுபடியும் சிப்காட், வேறொருவர்:

நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம்தான். எங்களிடம் எஸ்5க்கு அடுத்த தலைமுறை சீமென்ஸ் பிஎல்சியான எஸ்7-300. அதைப் புது மிஷின் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 2023 அக்டோபரில் அது வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது, ஸ்பேர் 2033 வரைதான் என்று தெரிந்தபோது திக்கென்றது. பத்து வருஷம் நிறைய மாதிரித் தெரியும். எங்கள் பிளான்ட்டில் பெரிய ஷட்டவுன் வருஷத்துக்கு ஒன்று, அதில் கன்ட்ரோல் பக்கம் கை வைக்கக் கிடைப்பது மூன்று நாள். இருக்கிற பேனல் பதினொன்று. கணக்குப் போட்டால் இப்போதே தாமதம்.

இப்படிப் பாகங்கள் வழக்கொழிவதைச் சமாளிப்பதற்கென்றே ஐஇசி 62402 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 2007ல் வந்து 2019ல் புதுப்பித்தது. உடைந்தபின் ஓடாதே, முன்கூட்டியே திட்டமிடு என்பது அதன் சாரம். அதை வைத்து மேலதிகாரியிடம் ஒரு பட்டியல் கொடுத்தேன்: எந்தக் கார்டு, எத்தனை ஓடுகிறது, ஸ்டோரில் எத்தனை, அது போனால் எது நிற்கும், பாஸ்வேர்டு யாரிடம். கடைசிக் கேள்விக்கு இரண்டு பேனலில் பதிலே இல்லை. ப்ரோக்ராமைப் பூட்டிவிட்டுப் போன கான்ட்ராக்டர் இப்போது தொழிலிலேயே இல்லை. அந்த இரண்டையும் பொங்கல் ஷட்டவுனில் முதலில் பிரிக்கப் போகிறோம், லாஜிக்கைப் புதிதாக எழுதுகிறோம். முதுநகர் அண்ணா, உங்கள் ஆபரேட்டர் மாதிரி எங்களிடமும் ஒருவர் இருக்கிறார், மார்ச்சில் ரிட்டயர். நாளை முதல் அவர் ஷிஃப்டில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கிறேன்.