நிறக்கோவை: கருந்தளம், வெண்தளம்

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் திரைகளில் வரும் ‘டார்க் மோட்’, ‘லைட் மோட்’ என்பவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்பது பற்றி, மொழிபெயர்க்கும் நம் எல்லோருக்கும் என் பரிந்துரை இது.

சென்ற மாதம் சோமனூரில் உறவினரின் விசைத்தறிக் கூடத்தில் கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழில் நிறுவிக் கொடுத்தேன். அமைப்புகள் பக்கத்தில் ‘இருள் பயன்முறை’ என்று நான் மொழிபெயர்த்திருந்த வரியை, இரவு ஷிப்டு பார்க்கும் பெரியவர் தொடவே தயங்கினார். “இதை அழுத்தினால் திரை அணைந்துவிடுமா, தம்பி?” என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். விளக்கை அணைத்தால் வருவதுதானே இருள்? இங்கே எதுவும் அணைவதில்லை. பின்புலம் கறுக்கிறது, எழுத்து வெளுக்கிறது, அவ்வளவுதான்.

‘இரவு முறை’ என்ற பரிந்துரையும் எனக்கு ஏற்பில்லை. ஆண்ட்ராய்டு நிரலில் இதற்கு ‘நைட்’ என்ற சொல் இருப்பது உண்மைதான். ஆனால் திரையின் நீல ஒளியைக் குறைத்து மஞ்சள் சாயல் தரும் ‘நைட் லைட்’ என்ற வேறொரு வசதி லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்திலும் விண்டோஸிலும் இருக்கிறது. இரண்டுக்கும் ‘இரவு’ என்றே பெயர் வைத்தால் பயனர் எதை எதென்று பிரிப்பார்? பட்டப்பகலிலும் கறுப்புப் பின்புலத்தை விரும்புகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

‘தீம்’ என்பதற்குக் ‘கருப்பொருள்’ என்று எழுதுவதை அடியோடு விட்டுவிட வேண்டுகிறேன். திணை இலக்கணத்தில் தெய்வமும் உணவும் மரமும் பறவையும் கருப்பொருள். பொத்தானின் நிறம் அதில் சேராது. ‘தோற்றம்’ என்ற எளிய சொல் போதும்.

தோற்றம் வேறு, நிறத் தொகுதி வேறு என்பதுதான் இதில் முக்கியம். நம் பக்கத்தில் ஒரே டிசைனை நான்கைந்து நிறச் சேர்க்கைகளில் நெய்கிறார்கள். தறி மாறாது, கட்டம் மாறாது. பாவிலும் ஊடையிலும் நூலின் நிறம் மட்டும் மாறும். திரையிலும் பொத்தானின் வடிவமும் இடமும் அப்படியே இருக்க, நிறங்கள் மட்டும் ஒருசேர மாறுகின்றன. அந்தத் தொகுதிக்கு ‘நிறக்கோவை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பள்ளிக் கணிதத்தில் ‘இயற்கணிதக் கோவை’ படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. ‘வண்ணத் திட்டம்’ என்றால் அரசு அறிவித்த நலத்திட்டம் போல ஒலிக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பொத்தானில் ‘கோவையை மாற்று’ என்று சுருக்கினால் நம் ஊர்ப் பெயராகிவிடும். ‘நிற’ என்ற முன்னொட்டை எங்கும் விடக்கூடாது.

இரண்டு நிறக்கோவைகளுக்கும் கருந்தளம், வெண்தளம் என்று பெயர் வைக்கலாம். பின்புலம் முழுக் கறுப்பு இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். கூகுளின் ‘மெட்டீரியல்’ என்ற வடிவமைப்பு வழிகாட்டி அடர் சாம்பலைத்தான் பரிந்துரைத்தது. ஆனால் கருநீலம், கரும்பச்சை என்னும்போது ‘கரு’ அடர்த்தியைத்தான் சொல்கிறது. கரிசல் மண்ணும் மை போலக் கறுப்பில்லை. புணர்ச்சி விதிப்படி ‘வெண்டளம்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘வெண்திரை’ போல ‘வெண்தளம்’ இருக்கட்டும்.

இனி நிரலர்களுக்கான சொற்கள். லினக்ஸ் மேசைத்தளங்களின் பொது அமைப்பில் பயனர் தேர்ந்தெடுக்கும் நிறக்கோவை ஓர் எண்: 0 என்றால் விருப்பம் எதுவும் இல்லை, 1 கருந்தளம், 2 வெண்தளம். 2022இல் வந்த க்னோம் 42 இதைப் பரவலாக்கியது. இது பயனரின் விருப்பமே, கட்டளை அன்று. செயலி அதை ஏற்கலாம், மீறவும் செய்யலாம். அதனால்தான் க்னோம் செயலிகளை எழுத உதவும் நிரலகமான லிப்அத்வைதாவில் ‘விரும்பு’ என்ற வகையும் ‘கட்டாயப்படுத்து’ என்ற வகையும் தனித்தனியே உள்ளன. இரண்டையும் ‘அமை’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். அதைப் படிக்கும் மாணவர், பயனரின் தேர்வைத் தன் நிரல் மீறுவதை அறியாமலே எழுதிவிடுவார். முதலாவதற்கு ‘கருந்தளம் விரும்பு’, இரண்டாவதற்கு ‘கருந்தளம் நிலைநிறுத்து’ என்று வைத்தால் வேறுபாடு சொல்லிலேயே தெரியும். செயலி ஓடும்போதே விருப்பம் மாறினால் வரும் அறிவிப்புக்கு ‘நிறக்கோவை மாறியது’ என்பது போதும்.

சோமனூர்க் கணினியில் அந்த வரியைக் ‘கருந்தளம்’ என்று மாற்றிவிட்டேன். பெரியவர் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறார். ‘நிலைநிறுத்து’ என்பதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். கைபேசிப் பொத்தானில் அது அடங்கவில்லை.