மாமியார் விட்டுச் சென்ற பண்டிகை முறைகளை அப்படியே தொடர வேண்டுமா?

கேள்வி

வணக்கம். ஆண்டுக்கு ஒரு முறை, பெரிய பண்டிகைக்கு, எங்கள் குடும்பத்தின் நான்கு வீட்டாரும் ஓரிடத்தில் கூடுவது வழக்கம். யார் எந்த அறையில் படுப்பது என்பதில் தொடங்கி, வருகிறவர்களை எந்தப் பிள்ளை வாசலில் நின்று அழைப்பது என்பது வரை என் மாமியார் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருப்பார். முடிந்த வேலையைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார். சென்ற ஆண்டு அவர் காலமாகிவிட்டார். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் உள்ள 41 வேலைகளையும் செய்ய, அலுவலகம் போய் வரும் எனக்கு நேரமும் இல்லை, உடம்பும் இடம் கொடுக்கவில்லை. "அம்மா செய்தபடியே நடக்கட்டும்" என்கிறார் கணவர். சிலவற்றை விட்டுவிட்டால் 8 வயது மகளுக்கும் 3 வயது மகனுக்கும் பாட்டியின் நினைவே தங்காமல் போய்விடுமோ என்ற அச்சம் எனக்கும் உண்டு. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

மறுமொழி 1

குழந்தை வளர்ச்சி குறித்துப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெரியவர்களிடம் அவர்களின் முதல் நினைவைக் கேட்டால், பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதில் நடந்த ஒன்றைத்தான் சொல்வார்கள். அதற்கு முந்தையது அநேகமாக அழிந்துவிடுகிறது. ஆகவே 41 வேலைகளையும் பிசகாமல் செய்தாலும் உங்கள் மகனுக்குப் பாட்டி இருந்த பண்டிகைகள் நேரடியாக நினைவிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அவனுக்குக் கிடைக்கப்போவது நீங்கள் சொல்லும் கதைதான். ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நடந்ததைப் பற்றிப் பிள்ளையிடம் விரிவாகப் பேசி, "அப்புறம் என்ன ஆனது, நீ என்ன செய்தாய்" என்று கேட்டு வாங்கும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் கடந்த காலத்தைக் கூடுதல் விவரத்தோடு சொல்கிறார்கள் என்பது அவ்வகை ஆய்வுகளில் தெரிய வந்தது.

இன்னொன்று. குடும்ப வழக்கங்கள் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து, பார்பரா ஃபீஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அன்றாட ஒழுங்கையும் சடங்கையும் அவர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒழுங்கு என்பது செய்து முடித்ததும் மறந்துபோகும் வேலை. சடங்கு என்பது "நாம் இன்னார்" என்று உணர்த்துவதும், முடிந்த பிறகும் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பதும், தடைப்பட்டால் வலிப்பதுமாகிய ஒன்று. உங்கள் நோட்டில் இரண்டும் கலந்து கிடக்கின்றன என்று நினைக்கிறேன். படுக்கை ஒதுக்குவது ஒழுங்கு. அதை யார் எப்படிச் செய்தாலும் ஒன்றுதான். வாசலில் நின்று அழைக்கும் பிள்ளையின் வேலை அப்படியல்ல. அதை விடாதீர்கள்.

மறுமொழி 2

எல்லோரும் நினைவைப் பற்றி இனிமையாகவே பேசுகிறார்கள். பண்டிகை என்றால் என் நினைவுக்கு வருவது என் அம்மாவின் முதுகு. நாங்கள் கூடத்தில் சிரித்துக்கொண்டிருந்த அத்தனை ஆண்டுகளிலும் அவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று வேலை செய்துகொண்டிருந்தார். நாங்கள் எடுத்த படங்களிலும் அப்படித்தான் இருக்கிறார். உங்கள் கணவருக்கு அம்மாவின் முறை தேவை என்றால் 41-இல் பாதியை அவர் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை; பிள்ளைகள் இதையும் பார்த்துத்தான் வளர்கிறார்கள்.

மறுமொழி 3

மேலே சொன்னவரின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். எனக்கு வயது 67. எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் ஒரே படிக்கட்டில், வயது வரிசையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்வோம். நேர்த்தியாக அமைந்த படங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேமராவில் நேரம் வைத்துவிட்டு ஓடி வந்த பெரியண்ணன் கடைசிப் படியில் இடறி, முகம் இல்லாமல் ஒரு செருப்பும் பாதி வேட்டியுமாகப் பதிவான படத்தைத்தான் நாற்பது ஆண்டுகளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறோம். அன்று இடறியது தான் அல்ல, தம்பிதான் என்று அவர் இன்றும் சாதிக்கிறார். இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஒரு கதையைப் படித்தவர்கள் அதை மறுபடி மறுபடி சொல்லும்போது தங்களுக்குப் பழகிய விதமாகவே அதை மாற்றிக்கொண்டார்கள். எங்கள் படிக்கட்டுக் கதையும் அந்த வழியில்தான் போகிறது. அதனால் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

படம் எடுப்பது பற்றி ஓர் எச்சரிக்கை: லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களை வெறுமனே பார்த்தவர்களைவிட, முழுப் பொருளையும் படம் பிடித்தவர்களுக்கே அவை குறைவாக நினைவிருந்தன. ஒரு படம் எடுங்கள், போதும்; பிறகு கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. இரண்டாவது மறுமொழியைக் கணவரிடம் படித்துக் காட்டினேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை; பிறகு நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இருவருமே அதுவரை கடைசிப் பட்டியலை மட்டும்தான் பார்த்திருந்தோம். 1994-ஆம் ஆண்டுப் பக்கத்தில் ஏழே ஏழு வேலைகள் இருக்கின்றன. பின்னால் போகப் போகக் கூடியிருக்கிறது. நடுவில் சிலவற்றுக்கு நேராக மாமியார் கையெழுத்திலேயே "இனி வேண்டாம்" என்றும் இருக்கிறது. அம்மா செய்த முறை என்று நாங்கள் பிடிவாதம் பிடித்ததை அவரே ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

இந்த ஆண்டுக்குப் பன்னிரண்டு வேலைகள் எழுதியிருக்கிறோம். அவற்றில் ஐந்து கணவருடையவை, இரண்டு மைத்துனருடையவை. இரவு எல்லோரும் உட்கார்ந்த பிறகு பாட்டியைப் பற்றி ஆளுக்கொரு சம்பவம் சொல்வது என்பது மட்டும் புதிதாகச் சேர்ந்தது. முடிந்த வேலையை அடிக்கும் பென்சில் தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று மகள் இப்போதே சொல்லி வைத்துவிட்டாள்.